நால்வர் படித்த கடிதம்

வேற்று நாட்டார் இருவர் எதிரெதிரே நிற்கும்போது அவர்களுக்கு நடுவே உள்ள தடை மொழி ஒன்றே என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். நல்ல துபாஷி ஒருவர் கிடைத்துவிட்டால் அத்தடையும் நீங்கிவிடும் என்று நம்புகிறோம். வரலாறு அப்படிக் கூறவில்லை. சொல் விளங்கிய இடத்திலும் மனிதர் விளங்காமற்போன நிகழ்ச்சிகள் பல உண்டு. அவற்றுள் நம் நாட்டின் மேற்குக் கரையில், கோழிக்கோட்டில், 1498ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இங்கே நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

வாஸ்கோ ட காமா நான்கு மரக்கலங்களுடன் 1497 ஜூலை 8ஆம் நாள் லிஸ்பன் நகரைவிட்டுப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, கீழைக்கரையில் உள்ள மலிந்தியை அடைந்து, அங்குக் கிடைத்த கடல்வழிகாட்டி ஒருவரின் துணையோடு அரபிக் கடலைக் கடந்து, 1498 மே 20ஆம் நாள் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்டார். அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜிதே என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். இன்றைய ஆய்வாளர்கள் அதனை ஏற்பதில்லை. அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்பதே பெரும்பாலோர் முடிவு.

காமா தாம் முதலில் இறங்கவில்லை. தண்டனை பெற்று நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவனைக் கரைக்கு அனுப்பினார். ஊரார் அவனைத் துனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவரிடம் அழைத்துச் சென்றனர். அவ்விருவரும் காஸ்டிலிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசினர். உங்களை இங்கே எது கொண்டுவந்தது என்று அவர்கள் கேட்க, கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருள்களையும் தேடி வந்தோம் என்றான் வந்தவன். அவ்விருவருள் ஒருவர் கப்பலுக்கே சென்று, செல்வம் மிக்க நாட்டுக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்த்த இறைவனுக்கு நன்றி கூறுங்கள் என்று வாழ்த்தினார். பிற்காலப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் அவருக்கு ‘மொன்சைதே’ என்று பெயர் தருகின்றனர். இத்தனை தொலைவில் தங்களுக்கு விளங்கும் மொழியைக் கேட்ட மாலுமிகள் வியப்பில் ஆழ்ந்தனர் என்று அப்பயணத்தில் உடன்வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கூறுகிறது.

ஆகவே முதல் நாளிலேயே மொழித்தடை ஓரளவு நீங்கிவிட்டது. காமாவின் குழுவில் அரபு மொழி அறிந்த பெர்னாவோ மார்ட்டின்ஸ் என்பவரும் இருந்தார். கோழிக்கோட்டு அரசவையிலோ அரபு அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. இவ்வளவும் இருந்தும், மூன்று மாதத்திற்குள் இரு தரப்பாரும் ஒருவர் ஆளை ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. ஏன் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

பல மொழி பழகிய துறைமுகம்

அயல்நாட்டாரைக் காண்பது கோழிக்கோட்டுக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வந்த இப்னு பதூதா, துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றதைக் கண்டார். வணிகர்களின் தலைவராக விளங்கியவர் பஹ்ரைனைச் சேர்ந்த இப்ராஹீம் என்பவர் என்றும் குறித்துள்ளார். நாட்டை ஆண்டவர் இந்து மன்னரான சாமூதிரி. துறைமுக வணிகத்தை நடத்தியவர்களுள் முதன்மையானவர்கள் முஸ்லிம்கள். ஒருவர் வழக்கத்தை மற்றவர் மாற்ற முயலாமலே இருவரும் ஒரு துறையில் வாழ்ந்தனர்.

ஹிராத்தில் அரசோச்சிய ஷாருக் மன்னரின் தூதராக 1442ஆம் ஆண்டு அங்கு வந்தவர் அப்துர் ரஸ்ஸாக் சமர்க்கந்தி. குதிரை முதலிய பரிசுகளைச் சாமூதிரியின்முன் வைத்தபோது மன்னர் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை என்று அவரே வருந்தி எழுதுகிறார். பாரசீக அவைகளின் ஆடம்பரம் பழகிய அவர் கண்ணுக்கு, மேலாடையின்றி வீற்றிருந்த மன்னரின் கோலமும் புதுமையாகவே பட்டது. ஆயினும் அவ்வூரின் நேர்மையை அவர் மறைக்கவில்லை. வணிகர்கள் தம் சரக்கைத் தெருவில் இறக்கிவிட்டுக் கவலையின்றிச் செல்லலாம். சுங்க அதிகாரிகள் காவல் காப்பர். பொருள் விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிடில் வரியே இல்லை என்று அவர் பதிவு செய்தார். மனக்குறையோடு திரும்பிய விருந்தினரும் ஊரின் ஒழுங்கை அறிந்துகொண்டார்.

இவர்களைவிட நமக்கு முக்கியமானவர் மா ஹுவான். சீனத் தளபதி செங் ஹோவின் கடற்படையோடு, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர். செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மா ஹுவானும் முஸ்லிமே. சீனப் பட்டு கோழிக்கோட்டில் விலை பேசப்பட்ட முறையை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். மன்னரின் அதிகாரியும், கணக்கராகிய செட்டியும், தரகரும் ஒரு நாளைக் குறிப்பர். அன்று பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலை தீர்ப்பர். தீர்ந்த விலையை எழுதி இரு தரப்பாரும் வைத்துக்கொள்வர். பின்னர் அனைவரும் கைகோத்து நிற்க, விலை ஏறினாலும் இறங்கினாலும் இனி மாற்றமில்லை என்று தரகர் அறிவிப்பார். இவ்வாறு விலை தீர்க்க மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. சீன மணிச்சட்டம் இன்றி, கைவிரல்களையும் கால்விரல்களையும் கொண்டே அவ்வூரார் பிழையின்றிக் கணக்கிட்டதைக் கண்டு மா ஹுவான் வியந்தார்.

இம்முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எழுத்து, தரகர், கைகோத்தல், பொறுமை ஆகிய நான்கும், ஒருவரையொருவர் முழுதும் அறியாதவர்கள் ஏமாறாமல் பேசிக்கொள்வதற்காக அத்துறைமுகம் வகுத்துக்கொண்ட வழிகள். எதிரில் இருப்பவர் நம்மைப் போன்றவர் என்ற எண்ணத்தின்மேல் அவை கட்டப்படவில்லை. அவர் வேறானவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்டவை.

இரண்டே பெட்டிகள்

போர்த்துக்கீசியர் வந்த உலகம் வேறு. ஐபீரிய மண்ணில் கிறிஸ்தவ அரசுகளும் முஸ்லிம் அரசுகளும் பல நூற்றாண்டுகள் போரிட்டன. 1415இல் போர்த்துக்கல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைக் கைப்பற்றியது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. கீழ்த்திசையில் எங்கோ ‘பிரெஸ்டர் ஜான்’ என்னும் கிறிஸ்தவப் பேரரசர் இருக்கிறார், அவரோடு சேர்ந்தால் முஸ்லிம்களை இருபுறமும் நெருக்கலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. எனவே காமாவின் ஆட்கள் மனத்தில் மனிதரைப் பிரித்து வைக்க இரண்டே பெட்டிகள் இருந்தன. ஒன்று ‘மூர்’ என்று அவர்கள் அழைத்த முஸ்லிம்களுக்கு, மற்றொன்று கிறிஸ்தவர்களுக்கு. முஸ்லிம் அல்லாதவர் எவராயினும் இரண்டாம் பெட்டியிலேயே விழவேண்டும்.

மலிந்தியில் அவர்கள் கண்ட இந்தியக் கப்பலோட்டிகள் எழுப்பிய குரல் அவர்கள் காதில் கிறிஸ்துவின் பெயராக விழுந்தது. அது ‘கிருஷ்ணா’ என்ற விளியாக இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கோழிக்கோட்டில் இம்மயக்கம் உச்சத்தை அடைந்தது.

மே 28ஆம் நாள் காமா பதின்மூவரோடு மன்னரைக் காணச் சென்றார். வழியில் ஒரு கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கல்லால் கட்டி ஓடு வேய்ந்த பெரிய கட்டடம். வாயிலில் உச்சியில் பறவை அமைந்த வெண்கலத் தூண். கதவருகே ஏழு சிறு மணிகள். இன்று எந்தச் சிறுவனும் கோயில் என்று சொல்லிவிடுவான். நாட்குறிப்பாளரோ மாதாகோயில் என்று எழுதினார். குருக்களின் மார்பில் கிடந்த பூணூல் அவருக்குப் பாதிரிமார் அணியும் தோள்பட்டையாகத் தெரிந்தது. தெளிக்கப்பட்ட தீர்த்தம் மந்திரித்த நீராகத் தெரிந்தது. உள்ளே இருந்த சிறு திருவுருவம் மரியம்மையாகத் தெரிந்தது. சுவரில் பல்லை நீட்டி, நான்கைந்து கைகளோடு தீட்டப்பட்டிருந்த உருவங்களைக்கூட அவர் புனிதர்கள் என்றே குறித்தார். அவர் பொய் எழுதவில்லை. கண்டதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதினார். ஆனால் பெயரிடும்போது தம் பெட்டியில் இருந்த பெயரையே இட்டார். நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொள்ளத் தந்த வெண்பொடியைக் காமா பின்னர்ப் பூசிக்கொள்வதாகக் கூறி வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஒரு தயக்கத்தில் மட்டும் ஐயத்தின் சாயல் தென்படுகிறது.

அவையில் நிகழ்ந்தவை

சாமூதிரி பச்சைப் பட்டு விரித்த மஞ்சத்தில் சாய்ந்து, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அருகில் பொற்படிக்கம் இருந்தது. வந்தவர்களுக்குக் கை கழுவ நீர் கொடுத்து, பழங்கள் வழங்கச் செய்தார். சொல்ல வேண்டியதை அவையோரிடம் கூறலாம், அவர்கள் என்னிடம் தெரிவிப்பர் என்றார் மன்னர். கோழிக்கோட்டில் அது முறை. காமாவோ, ஓர் அரசரின் தூதன் செய்தியை மன்னர் செவியில் மட்டுமே சொல்வான் என்றார். அவர் நாட்டில் அது முறை. இங்கே பெருந்தன்மை காட்டியவர் சாமூதிரி. தனியறைக்கு அழைத்துச் சென்று கேட்டார். அன்றிரவு யாரோடு தங்க விரும்புகிறீர், கிறிஸ்தவர்களோடா முஸ்லிம்களோடா என்று மன்னர் வினவியதாக நாட்குறிப்பு கூறுகிறது. இருவரோடும் இல்லை, தனியே தங்குகிறேன் என்றார் காமா. விருந்தினரின் விருப்பத்தை அறியக் கேட்ட கேள்வியிலும் அவர் கண்ணி ஏதோ இருப்பதாக அஞ்சினார் போலும்.

மறுநாள் பரிசுப் பொருள்கள் எடுத்து வைக்கப்பட்டன. கோடிட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் கிண்ணங்கள் 6, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். பார்வையிட வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டனர். மக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகனும் இதனினும் மிகுதியாகத் தருவான், மன்னருக்குப் பொன் தருவதே வழக்கம் என்றனர். நான் வணிகனல்லேன், தூதன் என்றார் காமா. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இத்தகைய பொருள்களைக் கொண்டே அவர் நாட்டார் வணிகம் செய்து வந்தனர். அங்கே செல்லுபடியான அடையாளம் இங்கே அவமதிப்பாகப் பொருள்பட்டது.

தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததாக நாம் கூறமாட்டோம். பரிசின் எடையால் ஆளின் எடையை அளந்த அவையோர், பெருங்கடலைச் சுற்றிவந்த அந்த நான்கு மரக்கலங்களின் வலிமையை எடைபோடத் தவறினர். முஸ்லிம் வணிகர்களிலும் பகைமை காட்டியவர்கள் இருந்தனர். கரையிறங்கிய மாலுமிகளைக் கண்டு ‘போர்த்துக்கல்’ என்று சொல்லித் தரையில் துப்பினர் என்ற குறிப்பை நாம் ஒதுக்கிவிட இயலாது. தங்கள் வணிகத்துக்குப் போட்டி வந்ததை அவர்கள் விரும்பவில்லை.

கடிதம் படிக்கப்பட்டது

இக்கதையின் உயிர்நிலை மே 30ஆம் நாள் நிகழ்ந்தது. நான்கு மணி நேரம் வாயிலில் காத்திருந்தபின் காமா உள்ளே விடப்பட்டார். அவருடன் வர இருவருக்கே இசைவு கிடைத்தது. செல்வநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒன்றும் கொண்டுவரவில்லையே என்றார் மன்னர். நாடுகளைக் கண்டறியவே வந்தேன் என்றார் காமா. கண்டறிய வந்தது கற்களையா, மனிதர்களையா என்று கேட்டாராம் சாமூதிரி. மனிதரை நாடி வந்தவர் வெறுங்கையோடு வரலாமா என்பது அவர் கேள்வியின் பொருள்.

போர்த்துக்கல் மன்னர் மனுவேல் கொடுத்தனுப்பிய கடிதங்கள் இரண்டு. ஒன்று போர்த்துக்கீசிய மொழியில், மற்றொன்று அரபியில். அரபுக் கடிதத்தை முஸ்லிம்கள் படித்தால் பொருளை மாற்றிச் சொல்லக்கூடும் என்று காமா ஐயுற்றார். ஆகவே அரபு பேசும் ‘கிறிஸ்தவர்’ ஒருவரை அழைக்க வேண்டினார். மன்னர் உடன்பட்டுக் குள்ளமான இளைஞர் ஒருவரை வரவழைத்தார். அவருக்கு அரபு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. வேறு வழியின்றிக் கடிதம் அவையில் இருந்த நான்கு முஸ்லிம்களின் கைக்குச் சென்றது. நால்வரும் சேர்ந்து படித்தனர். பின்னர் மன்னருக்கு மொழிபெயர்த்து உரைத்தனர். கேட்ட மன்னர் மனநிறைவு கொண்டார்.

இதனை எழுதியவர் முஸ்லிம்களின் நண்பரல்லர். காமாவின் கப்பலில் வந்தவர். அவருடைய எழுத்தே சான்றாக நிற்கிறது. பொருளைத் திரித்துக் கூற வாய்ப்பும், அதற்குரிய காரணமும் அந்த நால்வருக்கு இருந்தன. மன்னர் நிறைவடைந்தார் என்பதிலிருந்து அவர்கள் திரிக்கவில்லை என்றே நாம் கொள்ள வேண்டியிருக்கிறது. துபாஷி என்பவர் தம் நலத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்ற துறைமுக ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது. காமாவின் ஐயம் பொய்யாகிப்போன நேரம் அது. தம் கண்ணெதிரே நடந்ததை அவர் அளவுகோலாகக் கொண்டிருந்தால் பின்வந்த வரலாறு சிறிதேனும் வேறாக அமைந்திருக்கலாம். ஐயம் நீங்கவில்லை. அதன்பின் நேர்ந்த ஒவ்வொரு தாமதத்தையும் அவர் ‘மூர்களின் சூழ்ச்சி’ என்றே கணக்கெழுதினார்.

சுங்கமாக 600 அஷ்ரபி கேட்கப்பட்டது. அது துறைமுக வழக்கம். காமாவுக்கு அது பறிப்பாகத் தோன்றியது. கரையில் அவர் ஆட்கள் தடுக்கப்பட, அவர் கப்பலுக்கு வந்த ஊராரைப் பிணையாகப் பிடித்தார். இவ்வளவுக்குப் பின்னும் சாமூதிரி பனையோலையில் ஒரு மடல் எழுதுவித்தார். தம் நாட்டில் இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, மணிகள் உண்டு. தமக்கு வேண்டுவன பொன், வெள்ளி, பவளம், செந்துகில் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 29ஆம் நாள் காமா புறப்பட்டபோது, பிடித்தவர்களுள் சிலரைத் தம்மோடு கொண்டு சென்றார்.

பிழை கொடுத்த விலை

1499 ஜூலையில் மனுவேல் மன்னர் காஸ்டிலிய அரசருக்கும் அரசியாருக்கும் எழுதிய மடலில், கண்டுபிடித்த நாட்டு மக்கள் கிறிஸ்தவர்கள், ஆயினும் சமய அறிவில் இன்னும் உறுதி பெறாதவர்கள் என்று அறிவித்தார். கோயிலில் தொடங்கிய மயக்கம் அரச மடலாகிவிட்டது. அந்நம்பிக்கையைச் சுமந்துகொண்டு கப்ரால் 13 கப்பல்களோடு 1500 மார்ச் மாதம் புறப்பட்டு, செப்டம்பரில் கோழிக்கோட்டை அடைந்தார். பிணையாகக் கப்பலுக்கு அனுப்பப்பட்ட உயர்குலத்தார் கடலில் உண்பதில்லை என்ற வழக்கமுடையவர்கள். அவ்வழக்கமும் ஐரோப்பியருக்கு விளங்கவில்லை. டிசம்பரில் கரையில் கலகம் மூண்டு போர்த்துக்கீசியர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்ரால் துறைமுகத்தில் நின்ற முஸ்லிம்களின் கப்பல்களைக் கைப்பற்றி, ஆட்களைக் கொன்று, நகரின்மீது பீரங்கிகளைப் பொழிந்தார்.

கேரளத்தில் உண்மையான கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர் என்பது இதில் விந்தை. கொடுங்கல்லூரைச் சேர்ந்த ஜோசப் என்னும் குருவானவர் கப்ராலின் கப்பலில் ஏறி 1501இல் லிஸ்பன் சென்றார். அங்குதான் கோழிக்கோட்டு மக்கள் யார் என்பது தெளிவாயிற்று. தெளிவு வந்தது, பகை நிற்கவில்லை. 1502இல் மீண்டும் வந்த காமா, பெண்டிரும் குழந்தைகளும் உட்பட ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிவந்த கப்பலைத் தீக்கிரையாக்கினார். முஸ்லிம்களை நகரைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று சாமூதிரியிடம் கோரினார். தலைமுறை தலைமுறையாகத் தம் துறையில் வாழ்ந்தவர்களை விலக்கச் சாமூதிரி உடன்படவில்லை. நகரம் மீண்டும் பீரங்கிக்கு இரையாயிற்று. அந்நூற்றாண்டு முழுவதும் மலபார் கடல் போர்க்களமாக இருந்ததைப் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் எழுதிவைத்தார்.

வணிகப் பேராசையும் படைவலியும் இப்போர்களுக்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. நல்ல துபாஷி ஒருவர் இருந்திருந்தால் அவை நின்றிருக்கும் என்பது குழந்தைத்தனம். ஆயினும் பேராசைக்கும் ஒரு நியாயம் தேவைப்படுகிறது. அந்நியாயத்தை, பிறரைத் தவறாகப் படித்த பழைய ஏடுகள் கொடுத்தன.

இங்கே மா ஹுவானை மீண்டும் நினைக்கிறோம். அவரும் கோழிக்கோட்டு மன்னரின் சமயத்தைப் பௌத்தம் என்று எண்ணி எழுதினார். காமாவின் ஆட்கள் செய்த அதே வகைப் பிழை அது. ஆனால் அப்பிழையால் ஒரு முழப் பட்டும் விலை தவறவில்லை, ஒருவர் உயிரும் போகவில்லை. சீனர் அவ்வூரின் தரகரை ஏற்றனர், அவ்வூரின் எழுத்தை ஏற்றனர், கைகோத்து நின்றனர். சமயத்தைப் பற்றிய கணிப்பு அவர்கள் வணிகத்துக்கு அடித்தளமாக இல்லை. காமாவுக்கோ அதுவே அடித்தளம். யார் நம்மவர் என்ற முடிவு முன்னதாகவும், பேச்சு அதற்குப் பின்னதாகவும் வந்தது. பிறர் பண்பாட்டை முழுவதும் அறிந்தபின்னரே பேச வேண்டும் என்றால் உலகில் எவரும் எவரோடும் பேச இயலாது. அறியாதவற்றுக்கு இடம் விட்டுப் பேசுவதுதான் நம்மால் ஆகக்கூடியது.

கடல் கடந்து மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அரபு நாடுகளிலும் பிழைக்கச் சென்ற நம் குடும்பங்களுக்கு இது புத்தகச் செய்தியன்று. அயலார் சிரிப்பும், அயலார் மௌனமும், அவர் கைகொடுக்கும் முறையும் நம் ஊரில் கொள்ளும் பொருளையே அங்கும் கொள்ளும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதைச் சபர் செய்து திரும்பிய பெரியவர்கள் நன்கு அறிவர். அவர் செய்கைக்கு நாமே பொருள் எழுதிக்கொள்ளாமல், அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுவது எத்தனையோ மனக்கசப்புகளைத் தடுக்கும்.

சாமூதிரியின் பெயரும் காமாவின் பெயரும் வரலாற்றில் நின்றுவிட்டன. படிக்கத் தெரியாத அந்த இளைஞருக்குக்கூட நாட்குறிப்பாளர் ஒரு பெயர் குறித்திருக்கிறார். தம்மை ஐயுற்றவரின் கடிதத்தை உள்ளது உள்ளபடி படித்துச் சொன்ன நால்வரின் பெயரை அவர் எழுதவில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டு அவையில் தம் இடத்துக்குத் திரும்பியிருப்பர். மன்னர் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். கோழிக்கோடு அவ்வளவு காலம் உலகத்தோடு பேசிவந்தது அத்தகையோரைக் கொண்டுதான்.